பிள்ளை வளர்க்கப் பரீட்சை வைத்த நாகரத்தினம் அம்மா

செவ்வாய்க்கிழமை காலை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஜைத்தூன் பீ வந்தார். பீடி சுற்றுகிறவர், எங்களுக்கு அடுத்த தெரு. கையில் கேன் இல்லை. வரிசையின் கடைசிக்குப் போகாமல் நேராக என் எதிரில் வந்து நின்றார்.

"அண்ணா, அம்மா போய்ட்டாங்க."

"எந்த அம்மா?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஓர் அம்மாதான் உண்டு என்று தெரிந்தும் கேட்டேன். அவர் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கேனை அங்கேயே வைத்துவிட்டு, அம்மாவின் அண்ணன் இருக்கிற குடியாத்தத்துக்குப் பஸ் பிடிக்க நடந்தேன். அன்று சாயங்காலம் திரும்பி வந்தபோது கேன் நிரம்பி என் வாசலில் இருந்தது. வரிசையில் யார் யார் அதை நகர்த்திக்கொண்டு போனார்களோ தெரியாது. ஆம்பூரில் நாகரத்தினம் அம்மாவைத் தெரியாதவர்கள் கம்மி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா வேலை பார்த்த பிள்ளைகள் இல்லத்தின் நினைவு மலருக்கு நீங்களும் சொல்லுங்கள் என்றார்கள். நான் சொல்லச் சொல்ல ஆபீஸ் ரைட்டர் எழுதிக்கொள்கிறார். என் பேச்சைத் திருத்தி எழுதட்டும், ஆட்கள் பேசியதைத் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அம்மாவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம் அவருடையது. நர்ஸ் படிப்பு படித்து, ஆலங்காயத்தில் பிரசவ ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஆம்பூரில் பிள்ளைகள் இல்லத்துக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குள்ளமான உருவம், வேகமான நடை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என்னைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் முதல் நாளிலிருந்து நான் அவரை அம்மா என்றேன். அவர் என்னை முனுசாமி அண்ணா என்பார்.

அப்போது எழுபதுகளின் நடுவில் இருக்கும். இல்லத்து ஹாலில் பாயோடு பாய் ஒட்டிப் பிள்ளைகள் படுத்திருக்கும். தாய் செத்துப்போன பிள்ளை, அப்பா காசநோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளை, கங்காணியோடு பெற்றவர்கள் செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பாத பிள்ளை. இவர்கள் ஹாலில் வளரக் கூடாது, வீட்டில் வளர வேண்டும் என்று ஆரம்பித்தவர் அம்மாதான். சொந்த மனிதர்கள் தேறி வருகிற வரைக்கும் வேறு ஒரு குடும்பம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. காகிதத்தில் எங்களுக்கு வளர்ப்புப் பெற்றோர் என்று பேர். ஊரில் 'புள்ளை வச்சிக்கிறவங்க' என்பார்கள்.

எங்கள் இரண்டு மகன்களும் பெங்களூருக்குப் போய்விட்டிருந்தார்கள். எனக்கும் என் மனைவி குப்பம்மாவுக்கும் வீடு வெறிச்சென்று இருந்தது. நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினோம். வீட்டைப் பார்க்க அம்மா வந்தார். பானையைப் பார்க்கவில்லை, அரிசி இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

"புள்ளை எங்க படுக்கும்?" என்று கேட்டார்.

குப்பம்மா பாயை விரித்துக் காட்டினாள். அம்மா கஞ்சி போட்ட புடவையோடு அந்தப் பாயில் மல்லாந்து படுத்துவிட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னாம்மா, மயக்கமா? தண்ணி கொண்டாரட்டா?" என்றாள் குப்பம்மா.

"இல்லக்கா. இங்கேர்ந்து பார்த்தா புள்ளைக்கு இன்னா தெரியும்னு பார்க்கிறேன்."

நேர் மேலே, தோல் பதனிடும்போது ஒட்டின சதையைச் சுரண்டுகிற கத்தி மாட்டியிருந்தது. என் அப்பா வைத்திருந்த இரண்டு கைப்பிடிக் கத்தி. இருபது வருஷமாக அங்கே தொங்குகிறது, எங்கள் கண்ணுக்கு அது கத்தியாகவே தெரிந்ததில்லை. "அதை மட்டும் வேற ரூமுக்கு மாத்திடுங்க அண்ணா" என்று சொல்லிப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு வீட்டைப் படுத்துப் பார்த்துச் சோதித்த மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மலர் வந்தாள். ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, நாலு வயசு. தாய் பிரசவத்தில் போய்விட்டாள். அப்பா ராமன் கூலிக்காரர், காசநோயில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பிள்ளை முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. பதினைந்தாம் நாள் குப்பம்மாவிடம், "உங்கூட்டு ரசம் நல்லா இல்ல" என்றது. குப்பம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

நான் செய்த தப்பை இந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஆள். ஊறின தோலில் மயிர் கழலும் பதம் வந்துவிட்டதா என்று கையை வைத்துச் சொல்வேன். மேஸ்திரி தன் கண்ணை நம்பமாட்டார், என் கையை நம்புவார். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை. குப்பம்மா பேரணாம்பட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். காலையிலிருந்தே மலர் சுருண்டு படுத்திருந்தாள். நெற்றியில் கையை வைத்தேன். சூடு இல்லை. கழுத்தில் வைத்தேன். இல்லை. மழைக்குச் சோம்பல் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பிள்ளைக்குக் கண் மேலே செருகிக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது.

தூக்கிக்கொண்டு மழையில் இல்லத்துக்கு ஓடினேன். வாட்ச்மேன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்து, "கையில குடுங்கம்மா, நின்னுடும்" என்றார்.

"சாவி வேணாம். போய் வண்டி கூப்புடு" என்றார் அம்மா. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். இழுப்பு நின்றது. வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நான் அழுதேன். அவர் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜுரம் நூற்றி நாலு. டாக்டர் என்னைப் பார்த்து, "காலையிலேயே நெருப்பா கொதிச்சிருக்குமே, யாரும் தொட்டுப் பார்க்கலையா?" என்றார்.

"பார்த்தேன் சார். கைய வச்சுப் பார்த்தேன். சூடே இல்ல" என்றேன்.

அவர் நம்பவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்தார். வெளியே போய் ஒரு டம்ளர் டீ வாங்கி, புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வந்தார். "கைய நீட்டுங்க" என்று உள்ளங்கையில் வைத்தார்.

"சுடுதா?"

"வெதுவெதுன்னு இருக்கும்மா."

அவர் தன் கையை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷச் சுண்ணாம்பில் காய்த்துப்போன கை. "அண்ணா, நீங்க பொய் சொல்லல. உங்க கை சொல்லுது" என்றார்.

மறுநாள் இல்லத்தின் செயலாளர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துவிட்டார். மலரை வேறு வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். குப்பம்மா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா சொன்னார்: "சார், நான் போய் வீட்டைப் பார்த்தேன், பாயைப் பார்த்தேன். புள்ளையத் தொடப் போற கையப் பார்க்கல. தப்பு என்னுது. என் பேர்ல எழுதிக்குங்க." அப்படியே எழுதவும் வைத்தார். மலர் எங்களிடமே இருந்தாள். என் ஐம்பத்தைந்து வயதில், இன்னொருத்தர் செய்த தப்பை இப்படித் தன் தலையில் வாங்கிக்கொண்ட மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தத் தப்பிலிருந்துதான் படிப்பு பிறந்தது. அடுத்த சனிக்கிழமை, பிள்ளை வைத்துக்கொண்ட பதினோரு வீட்டுக்காரர்களையும் இல்லத்துச் சாப்பாட்டு ஹாலுக்கு வரச் சொன்னார். முதல் பாடம் கை. எல்லாரையும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். என்னைப் போல இன்னும் இரண்டு தோல் ஷாப் ஆட்கள். கையில் சூடு தெரியாதவர்கள் கன்னத்தைப் பிள்ளையின் வயிற்றில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஜைத்தூன் பீயின் விரலை முகர்ந்து பார்த்தார். நகக்கண்ணில் புகையிலைத் தூள். "இந்தக் கையாலதான ஊட்டுறீங்க? அதான் உங்க பையன் சாப்புட்டதும் வாந்தி எடுக்கிறான்." ஜைத்தூன் பீ அந்த வாரமே நகத்தை ஒட்ட வெட்டினார்.

இரண்டு வருஷம், எல்லாச் சனிக்கிழமையும் மத்தியானம். பிள்ளையின் பேரை மாற்றக் கூடாது. அது கொண்டுவந்த கந்தல் துணியாக இருந்தாலும் தூக்கிப் போடக் கூடாது. அதன் அப்பன் ஆத்தாளைப் பற்றி ஒரு சொல் இளக்காரமாகப் பேசக் கூடாது. 'இனிமே இதான் உன் வீடு' என்று சத்தியம் பண்ணக் கூடாது. இதையெல்லாம் வாயால் சொல்லமாட்டார், நடிக்க வைப்பார். ஒரு நாள் என்னைப் பிள்ளையாகவும் ஜைத்தூன் பீயைத் தாயாகவும் நிற்க வைத்தார். நான் ஆறடி ஆள்.

"இன்னாம்மா இது, இவ்ளோ பெரிய புள்ளைக்கு எங்கேர்ந்து சோறு போடறது? வேற சின்னதாப் பார்த்துக் குடுங்க" என்றார் ஜைத்தூன் பீ. ஹால் சிரித்தது.

"முனுசாமி அண்ணா, இப்ப எப்படி இருந்துச்சு?" என்று அம்மா கேட்டார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அவர் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு எதிர்லயே வேற புள்ளை கேட்டாங்களேன்னு இருந்துச்சும்மா" என்றேன். யாரும் பிறகு சிரிக்கவில்லை. அவருடைய வகுப்பு அப்படித்தான் இருக்கும்.

தோல் ஷாப்பில் என்னைக் கிண்டல் செய்து பேஜார் பண்ணுவார்கள். "இன்னா முனுசாமி, புள்ளை வளக்கப் பாஸா பெயிலா? உன் புள்ளைங்க ரெண்டையும் எந்தக் காலேஜ்ல படிச்சு வளத்த?" எனக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. அம்மாவிடமே கேட்டேன்.

"பெத்தவங்க தப்பு பண்ணா புள்ளை தாங்கிக்கும் அண்ணா. நம்மகிட்ட வர்ற புள்ளை ஏற்கெனவே ஒரு தடவை எல்லாத்தையும் விட்டுட்டு வந்துது. ரெண்டாவது தப்பைத் தாங்க அதுக்குத் தெம்பு இல்ல. அதுக்குத்தான் நமக்குப் படிப்பு."

இதை ஒரு முறையான படிப்பாக ஒத்துக்கொள்ள வேண்டும், முடித்தவர்களுக்குச் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும் என்று அவர் மெட்ராஸுக்கு அலைந்தார். ஒரு காலேஜ் ஒத்துக்கொண்டது. ஆனால் கூடவே ஒரு கண்டிஷன் வந்தது. இரண்டு மணி நேரம் எழுத்துப் பரீட்சை. பாஸ் பண்ணாதவர்கள் வீட்டில் பிள்ளை இருக்கக் கூடாது. பதினோரு வீட்டில் ஏழு வீட்டுக்காரர்களுக்கு எழுதத் தெரியாது. எங்கள் வீடு அதில் ஒன்று. செயலாளர் ஏழு பிள்ளைகளுக்கும் ஹாலில் பாய் ஒதுக்கச் சொல்லிவிட்டார். மலருக்கு அப்போது ஆறு வயசு. "நான் எங்கயாவது போவணுமா?" என்று குப்பம்மாவைக் கேட்டாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அம்மா அடுத்த வாரமே மெட்ராஸ் பஸ் ஏறினார். மூன்று நாள் கழித்து வந்தார், கால் வீங்கியிருந்தது. கண்டிஷன் போட்ட காலேஜ் அதிகாரி முதல் இரண்டு நாள் அவரைப் பார்க்கவே இல்லையாம். மூன்றாம் நாள் பார்த்தபோது அம்மா கேட்டது இதுதான்: "புள்ளைக்கு ஜுரம் வந்தா எழுதியா சார் காட்டும்? கேள்வியை நீங்க வாயால கேளுங்க. அவங்க வாயால சொல்லட்டும், கையால செஞ்சு காட்டட்டும். நான் வாயத் தொறக்கமாட்டேன்."

அதிகாரி ஒத்துக்கொண்டார். வாய்ப் பரீட்சைக்கு மெட்ராஸிலிருந்து ஓர் அம்மையாரும் ஒரு டாக்டரும் வந்தார்கள். எங்களில் சிலர், வலிப்பு வந்த கதையைச் சொல்லிவிடாதே, மலரைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். என் முறை வந்தது. குப்பம்மாவும் நானும் உட்கார்ந்தோம். அம்மா ஜன்னல் ஓரமாக நின்றார்.

"குழந்தைக்கு ஜுரமான்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"கன்னத்தைப் புள்ளை வயித்துல வச்சுப் பார்ப்பேன் சார்."

"ஏன், கை இல்லையா?"

சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவர் வெளியே வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர், கண்ணாலும் உதவவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, மழை, கை, இழுப்பு, டீ டம்ளர் எல்லாம்.

மெட்ராஸ் அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு நடந்தப்புறமும் உங்ககிட்ட எப்படிக் குழந்தையை விட்டாங்க?"

"தெரியலம்மா. அன்னிக்கு நான் பொய் சொல்லியிருந்தா விட்டிருக்கமாட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு, "அவளோட அப்பா உடம்பு தேறி வந்து கேட்டா?" என்றார்.

"குடுக்கணும்" என்றேன்.

"குடுக்கணும்னு தெரியுது. குடுப்பீங்களா?"

நான் குப்பம்மாவைப் பார்த்தேன். குப்பம்மாதான் பேசினாள். அவள் அழுதுகொண்டே, "குடுப்போம்மா. அழுதுக்கினே குடுப்போம்" என்றாள். பரீட்சை அதோடு முடிந்தது.

ஏழு வீட்டுக்காரர்களும் பாஸ். மலர் எங்களோடு இருந்தாள். சர்டிபிகேட் கொடுக்கிற அன்று ரிஜிஸ்டரில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். என் கட்டைவிரலை மையில் உருட்டி வைத்தால் வெறும் கறுப்புப் பொட்டுதான் விழுகிறது. ரேகையைச் சுண்ணாம்பு தின்றுவிட்டிருந்தது. மூன்று தரம் வைத்தோம், மூன்றும் பொட்டு. "கால் கட்டைவிரலை வையுங்க அண்ணா" என்றார் ஜைத்தூன் பீ. "அதுவும் அதே குழியிலதான் நின்னுச்சு" என்றேன். அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் குப்பம்மாவின் ரேகையை வைத்து, எங்கள் இருவர் பேரிலும் சேர்த்து ஒரே சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து ராமன் வந்தார். உடம்பு தேறியிருந்தது, ஆனால் துணிக்குள் ஆள் இருப்பது தெரியாத அளவுக்கு மெலிவு. மகளைப் பார்த்ததும் தொடப் பயந்து நின்றார். அம்மா அன்றைக்குப் பிள்ளையை அவரோடு அனுப்பவில்லை. அம்மா வைத்த முறை வேறு. அப்பா வந்து பிள்ளையைக் கூட்டிப் போகக் கூடாது. வளர்த்தவர்கள் அதன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் அங்கே இருந்து, அது என்ன தின்னும், எதற்கு அழும், எப்படித் தூங்கும் என்று காட்டிவிட்டு வர வேண்டும். தன்னைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்பார்.

ஒடுகத்தூர் பஸ்ஸில் அம்மா, குப்பம்மா, நான் மூன்று பேரும் மலரும் போனோம். ராமனின் குடிசையில் குப்பம்மா ரசம் வைத்துக் காட்டினாள். மலர் குடித்துப் பார்த்து, "இங்கியும் அதே ரசமா" என்றாள். நான் ராமனின் கையைப் பிடித்துப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்த கை, காய்த்திருந்தது. கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "உங்க கடனை எப்படித் தீர்ப்பேன்" என்றார். அதற்கு அம்மா, "கடன் ஒண்ணும் இல்ல. புள்ளை இவங்களப் பார்க்கணும்னா கூட்டியாங்க. வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் குப்பம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே இன்னொரு பிள்ளை கொடுங்கள் என்று கெஞ்சினாள். ஹாலில் பிள்ளைகள் காத்துக் கிடந்த காலம் அது. அம்மா மாட்டேன் என்றார்.

"மூணு மாசம் போவட்டும் அக்கா. இப்ப உங்களுக்குப் புள்ளை வேணாம், மலர் வேணும். வர்ற புள்ளைக்கு அது தெரிஞ்சிடும்."

குப்பம்மா கோபித்துக்கொண்டாள். அம்மா அந்த மூன்று மாதமும் சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லமாட்டார். மலரைப் பற்றி நாங்கள் பேசுவதைக் கேட்பார், கேட்ட கதையையே மறுபடியும் கேட்பார், சாப்பிட்டுவிட்டுப் போவார். அதன்பிறகு எங்களுக்கு நாலு பிள்ளைகள் வந்தார்கள், நாலு பேரும் தங்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். குப்பம்மா போன வருஷம் காலமானாள். அன்றைக்கும் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கே இதயத்தில் கோளாறு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குடியாத்தத்தில் அவர் அண்ணன் வீட்டு வாசலில் கூட்டம் தெருவை அடைத்து நின்றது. நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். எங்களைப் போல வளர்த்தவர்கள், வளர்ந்த பிள்ளைகள், பெற்றவர்கள் என்று பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஒடுகத்தூரிலிருந்து ராமன் வந்தார், கூடவே மலர். இப்போது வளர்ந்த பெண். வந்தவள் என் பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கம் அவள் அப்பா.

எடுக்கிற நேரத்தில் பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையில் வந்தார்கள். அம்மாவின் அண்ணி யாரையும் அடையாளம் தெரியாமல் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். மலரிடமும், "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார்.

மலர் தயங்கவில்லை, தலை குனியவில்லை. "இவரு எங்க அப்பா. இவரு வீட்டுல வளர்ந்தேன்" என்று ராமனையும் என்னையும் காட்டிவிட்டு, அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரயில் ஸ்டேஷனுக்கு வழி சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அம்மா, பிள்ளை நல்லா இருக்கா. நீங்க பாரம் இல்லாமப் போங்க.